மைனிக்கு எங்கிருந்து ஒட்டியது

ஹன்டா வைரஸ் எலியிடமிருந்து மனிதனுக்கு வரும் என்பது தெரிந்த விஷயம். எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியோடு பறக்கும். அதை மூச்சில் இழுத்தால் போதும். மனிதனிடமிருந்து மனிதனுக்கு வருமா என்பதில்தான் சிக்கல். தென் அமெரிக்காவில் இருக்கிற ஒரு வகை அப்படிப் பரவியிருக்கிறது. மற்ற வகைகளைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் அதிகம் தேடிப் பார்த்ததும் இல்லை. தூத்துக்குடியில் தேடிப் பார்க்கிற வேலை எனக்குக் கிடைத்தது. துறைமுகமும் தானியம் சேமிக்கிற கிட்டங்கிகளும் இருக்கிற ஊரில் எலிக்கு என்ன பஞ்சம்?

காய்ச்சல் வந்து, டெங்குவும் இல்லை, எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸும் இல்லை என்றாகி, காரணம் தெரியாமலே குணமாகி வீட்டுக்குப் போனவர்களின் ரத்தத்தை நாங்கள் மறுபடி பரிசோதிப்போம். அதில் ஹன்டாவுக்கான ஆன்டிபாடி இருந்தால், அந்த வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். உடனே அவர் வீட்டைத் தேடிப் போய், கூட இருக்கிறவர்களின் ரத்தத்தையும் எடுப்போம். கேள்விகளும் கேட்போம்.

அப்படித்தான் அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனேன். கோதுமை மூட்டைகள் இறங்குகிற ஒரு கிட்டங்கியில் அவர் சூப்பர்வைசர். அவர் மனைவி வீட்டின் பின் அறையில் கருப்பட்டி வாங்கி வைத்து மொத்தமாக விற்றுக்கொண்டிருந்தார். அவரை நான் மைனி என்று கூப்பிட்டேன். அண்ணாச்சி என்று ஒருவரைக் கூப்பிட்டுவிட்டால் அவர் மனைவி மைனிதானே.

“அண்டா வைரஸா? பேரே வெளங்கலையே” என்றார் அண்ணாச்சி.

“ஹன்டா, அண்ணாச்சி.”

“அதத்தான நானும் சொல்லுதேன்.”

நான் கேள்விகளைத் தொடங்கினேன். காய்ச்சல் சமயத்தில் ஒரே அறையிலா படுத்தீர்கள்? மைனி தொலைக்காட்சியைப் பார்த்தபடி பதில் சொன்னார்: “அவிய முன் ரூம்பு. நான் அடுப்படிக்குப் பக்கத்துல.”

“ஒரே தம்ளர்ல தண்ணி குடிக்கிறது உண்டா?”

“அவிய தம்ளர அவியளே கழுவிக்கிடுவாவ.”

“நேருக்கு நேர் உக்காந்து ரெண்டு பேரும் பேசுறது ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருக்கும்?”

தொலைக்காட்சியில் ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்தக் கட்டத்துல முட்டை போட்டுக்கிடுங்க” என்றார்.

ரத்தம் கொடுப்பதற்காகக் குலசேகரன்பட்டினத்திலிருந்து வந்திருந்த அவர்களுடைய மகள் என்னை வாசலுக்குக் கூட்டிப் போய்க் கதையைச் சொன்னாள். அவளுடைய கல்யாண ஆல்பம் வந்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே அண்ணாச்சி, “எங்க வீட்டம்மா கண்ண மூடுன போட்டோ நாலு இருக்கு. வாய மூடுன போட்டோ ஒண்ணுகூட இல்லையே” என்றிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். மைனியும் சிரித்தார். மறுநாளிலிருந்து அண்ணாச்சியிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டார். ஒரு வருடம் ஆகிவிட்டது. சாப்பாடு நேரத்துக்கு வரும், துணி துவைத்து மடித்து வரும், பேச்சு மட்டும் வராது.

“காய்ச்சல் நேரத்துலகூடவா?” என்றேன்.

“அப்பாவ நான்தான் பாத்துக்கிட்டேன். வாந்தி எடுத்தா அள்ளுனது, ஒடம்பு தொடச்சுவிட்டது எல்லாம் நான்தான். அம்மா கஞ்சி வச்சு எங்கிட்ட குடுத்துவிட்டுருவாவ.”

பரிசோதனை முடிவு வந்தது. மகளுக்கு ஒன்றுமில்லை. மைனிக்கு ஆன்டிபாடி இருந்தது.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மைனி கிட்டங்கிப் பக்கமே போகிறவர் இல்லை. பின் அறையைப் பற்றிக் கேட்டபோது, “என் ரூம்புல எலியா? பேச்சுக்குக்கூடக் கெடையாது” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அண்ணாச்சியோ, “அது அவ சாம்ராஜ்யம். நான் அங்கன எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்” என்றிருந்தார். அப்படியானால் கிட்டங்கி எலியிடமிருந்து அண்ணாச்சிக்கு, அண்ணாச்சியிடமிருந்து மைனிக்கு. வேறு வழி ஏது? இந்த ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கிற பேராசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு மூச்சிரைக்கச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “தொட்டுத் துடைச்ச மகளுக்கு வரலை, பேசாத பெஞ்சாதிக்கு வந்திருக்கு. அப்படித்தானே? இது எந்த ஊர் வைரஸ்மா?”

என் உற்சாகம் அத்தோடு அடங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நோய் வந்தால் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார் என்று ஆகிவிடாது. இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம். இதை நானே மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

முடிவைச் சொல்ல மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு பேருக்கும் வந்துபோயிருக்கிறது, இப்போது பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

“பாத்தியளா டாக்டரம்மா, கிட்டங்கியிலருந்து கொண்டாந்து எனக்கும் ஒட்டி விட்டுட்டாவ” என்றார் மைனி.

“ஏளா, நானா ஒட்டுனேன்? நீ கருப்பட்டியக் கட்டிக்கிட்டு அழுததுல வந்தது!”

“என் கருப்பட்டியச் சொன்னிய, பெறகு நல்லாருக்காது. ஒங்க கோதுமைய போய்ப் பாருங்க, எலி குடித்தனமே நடத்துது!”

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நேருக்கு நேர்தான், ஒரு கை தூரம்கூட இல்லை. என்னுடைய கேள்விக்கு இப்போது நல்ல பதிலே எழுதலாம். திடீரென்று மைனிக்கு உறைத்தது. சட்டென்று என் பக்கம் திரும்பி, “அவியட்ட சொல்லிருங்க” என்று முடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பின் அறையில் எலிப்பொறி வைக்க அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எலியே இல்லாத அறையில் பொறி எதற்கு என்றார் மைனி. இல்லை என்று நிரூபிக்கத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். கருவாட்டுத் துண்டைக் கோத்து வைத்தேன். முகக்கவசமும் கையுறையுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து மைனிக்குச் சிரிப்பு.

“ஒங்க வீட்டுக்காரர் எங்கன இருக்காரு?”

“துபாய்ல, மைனி.”

“அப்ப ஒங்களுக்கு யார்ட்டயிருந்தும் ஒட்டாது.”

மறுநாள் பொறிகளில் இரண்டு எலியும் ஒரு மூஞ்சூறும் இருந்தன. மைனி அவற்றைப் பார்த்து, “பக்கத்து வீட்டு எலியா இருக்கும்” என்றார்.

எலி யார் வீட்டுடையதோ, அதில் ஒன்றுக்கு ஆன்டிபாடி இருந்தது. பின் அறையில் கருப்பட்டி அடுக்க வருகிற பெண்ணின் ரத்தத்தையும் எடுத்தோம். அவருக்கும் இருந்தது. பின் வாசலால் வந்து பின் வாசலால் போகிறவர் அவர்; அண்ணாச்சியின் பக்கத்தில் நின்றதுகூட இல்லை. ஆக மைனிக்கு வந்த வழி தெரிந்துவிட்டது. அண்ணாச்சிக்கு மட்டும் கிட்டங்கியிலிருந்தா?

“அண்ணாச்சி, கடைசியாக் கேக்கேன். நீங்க பின் ரூமுக்குப் போறதே இல்லையா?”

“இல்லம்மா.”

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மைனி வந்தார்.

“தெனமும் சாயங்காலம் நான் டிவி முன்னால உக்காந்த ஒடன போவாவ. சுகர் இருக்கு, இனிப்பத் தொடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிருக்காவ. நாக்கு கேக்குமா? விட்டா முழுசா ஒரு கருப்பட்டி வட்டையே ஒடச்சுத் தின்னுட்டு வந்து படுத்துக்கிடுவாவ. அதான் மேல் சாக்குல நானே ரெண்டு சின்னச் சில்லு எடுத்து வச்சிருவேன். அதோட போகட்டும்னுதான்.”

அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. என்னை மறந்து, ஒரு வருடத்தை மறந்து, மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

“நீயா வச்ச? எலி கடிச்சுப் போட்டதுன்னுல்லா நெனச்சேன்!”

மைனி வாயைப் பிளந்தார். “எலி கடிச்சதுன்னு நெனச்சுக்கிட்டா இவ்வளவு நாளும் தின்னிய?”

“ஊதிட்டுத்தாம்ளா தின்னேன்!”

மைனி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் முறைப்பாக இருந்து பார்த்தார், முடியவில்லை. நான் மட்டும் ஆராய்ச்சிக்காரியாக முகத்தை வைத்துக்கொள்ள முயன்று தோற்றேன்.

அந்த வாரமே பின் அறையைச் சுத்தம் செய்தார்கள். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் துடைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். இருவரும் முகக்கவசம் கட்டிக்கொண்டு சாக்குகளை நகர்த்தினார்கள். முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த வாக்குவாதத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது. எலி ஏறாதபடி கருப்பட்டியை வைக்க மூடி போட்ட தகர டின்கள் வந்து இறங்கின. டின்னின் நிறம் பிடிக்கவில்லை என்று மைனி அண்ணாச்சியிடமே நேராகச் சொன்னார்.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தோம். மகளுக்கு அப்போதும் ஒன்றுமில்லை. இந்தக் குடும்பத்தில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதற்கு அடையாளம் இல்லை, கணவன், மனைவி, கருப்பட்டி அடுக்குகிற பெண் மூன்று பேருக்கும் அந்தப் பின் அறை எலிகளிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினேன். ஒரு வீட்டை வைத்துக்கொண்டு எங்கேயும் பரவாது என்று சொல்லிவிட முடியாது, அதையும் எழுதினேன்.

பேராசிரியர் படித்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். “கணவன் மனைவிக்கு நடுவில் ‘நெருங்கிய தொடர்பு’ன்னு போட்டிருக்கே. தனித்தனி அறை, தனித்தனி தம்ளர், ஒரு வருஷமாப் பேச்சு இல்லை. இது எந்தக் கணக்குல நெருக்கம்?”

கருப்பட்டிச் சில்லு கதையை அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “சரி, அப்படியே இருக்கட்டும்” என்றார்.