லேசா வருது

நார்பர்ட் கஸ்மரெக் போன நவம்பரில் செத்துப்போனான். எங்கள் ஊர் பே சிட்டி பத்திரிகையில் ஆறு வரி போட்டார்கள். வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம், மனைவி டெல்ஃபின், பிள்ளைகள் இல்லை. அவன் மூக்கைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் அவனிடம் சொன்ன பொய்யைப் பற்றியும் கிடையாது. அது எனக்கும் அவனுக்கும் டெல்ஃபினுக்கும் மட்டுமே தெரியும்.

முதலில் மூக்கு. வார்ப்பட மண் எங்கள் எல்லோருடைய மூக்கையும் தின்றுவிட்டது. அவனுடையதை மட்டும் விட்டுவைத்தது. சனிக்கிழமை காலையில் ஆற்றோர டோநட் கடை முன்னால் எங்கள் பழைய எட்டு சிலிண்டர் வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்துவோம். எல்லாம் அறுபதுகளின் கடைசியில் வந்தவை. சத்தமும் பெரிது, குடிக்கிற பெட்ரோலும் அதிகம். எவன் வண்டிக்குள்ளாவது பெட்ரோல் வாடை வந்தால் நார்பர்ட்டைத்தான் கூப்பிடுவோம். உடனே ஏறமாட்டான். காபியைக் கீழே வைத்துவிட்டு, பத்து நிமிடம் ஆற்றுக் காற்றில் போய் நிற்பான். பிறகு ஏறி, கண்ணாடிகளை மூடிக்கொண்டு, வக்கீல் மாதிரி கேள்வி கேட்பான்.

"டேங்க் நிறைய இருந்தாத்தான் வருதா, பாதியிலயும் வருதா?" நிறைய இருந்தால் மட்டும் என்றால் டேங்க்கின் மேல்மூடி வாஷர். "இடது பக்கம் திரும்பும்போதா?" அப்படியென்றால் பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர். வண்டியை நிறுத்திக் கால் மணி கழித்து வந்தால், சூட்டில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதிக்கிறது. மெர்வின் என்று ஒருவன், மூன்று கார்புரேட்டர் மாற்றியும் வாடை போகவில்லை. நார்பர்ட் பின்சீட்டில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தான்.

"டேய் மெர்வின், உன் டிக்கி மூடியில ரப்பரே இல்லடா. பின்னால விடற புகை பூரா உள்ள வருது. நீ ஓட்டறது காரா, புகைபோக்கியா?"

எங்கள் கூட்டத்தில் பாசம் என்றால் இவ்வளவுதான்.

அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது. தன் வண்டியைத் தானே மோந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. தினமும் உட்காருகிறவன் மூக்கு பழகிப்போயிருக்கும், அதை நம்ப முடியாது என்பான். அந்தச் சட்டம்தான் அவனை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது.

ஏப்ரலில் அவன் வண்டிக்குள்ளேயே வாடை வர ஆரம்பித்தது. அறுபத்தொன்பதாம் வருட மாடல், கரும்பச்சை. அதில்தான் டெல்ஃபினைப் பெண் கேட்கப் போனான். வாடை திடீரென்று வரும், ஒரு நிமிடம் இருக்கும், போய்விடும். திருப்பத்திலும் வந்தது, நேரிலும் வந்தது. டேங்க் நிறைந்திருந்தாலும் வந்தது, காலியாக இருந்தாலும் வந்தது. எந்தக் கேள்விக்கும் அடங்காத வாடை.

டெல்ஃபின் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாள். மெர்வினும் பார்த்தான். "ஒண்ணும் வரலயே பெருசு. உன் மூக்குக்கும் பென்ஷன் குடுத்துட்டாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நார்பர்ட் சிரிக்கவில்லை. காபியை முடிக்காமலே வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினான். எதிர்வீடுதான். "ஹார்லன், பத்து நிமிஷம் வெளியில நின்னுட்டு வந்து உட்காரு," என்றான். நின்றேன், உட்கார்ந்தேன். பழைய தோல் சீட்டின் வாடை இருந்தது, அவன் தலைக்குத் தேய்க்கும் தைலம் இருந்தது. பெட்ரோல் இல்லை. சத்தியமாக இல்லை.

"வருதா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் உலை முன்னால் பக்கத்தில் நின்றவனின் முகம். அதில் பயத்தை நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். பழைய வண்டி எதில்தான் பெட்ரோல் வாடை இல்லை, ஒரு வார்த்தைதானே, போகட்டும் என்று நினைத்தேன்.

"லேசா வருது," என்றேன்.

"பின்பக்கமாவா?"

"பின்பக்கம்தான்."

அவன் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் பல் ஆடியது. "நான் சொன்னேன்ல! சொன்னேன்ல!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினான். எனக்கு நல்ல காரியம் செய்த திருப்தி. மடையன் நான்.

அந்தக் கோடை முழுவதும் அவன் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். டேங்கைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்றினான். கசிந்தால் தெரியட்டும் என்று இணைப்புகள் மேல் பவுடர் தூவினான். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. நான் லெமனேட் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், உண்மையை மட்டும் கொடுக்கவில்லை. ஜூலையில் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவன் மூன்று மாதம் உழைத்துவிட்டானே, இப்போது எந்த மூஞ்சியோடு சொல்வது என்று தள்ளிப்போட்டேன். ஆகஸ்டில் அவனுக்குச் சமையலறையிலும் அந்த வாடை வந்தது. தன் சட்டையிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டு, சட்டைகளையெல்லாம் தூக்கிப் போட்டான்.

செப்டம்பரில் கராஜில் வலிப்பு வந்து விழுந்தான். டெல்ஃபின் கூப்பிட்ட குரலுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். "இல்லாத சத்தம், இல்லாத வாடை, அந்த மாதிரி ஏதாவது சொன்னாரா?"

"பெட்ரோல் வாடைன்னு ஏப்ரல்லேருந்து சொல்றார்," என்றாள் டெல்ஃபின். "ஆனா அது இல்லாத வாடை இல்லம்மா. இவருக்கும் வந்துச்சு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அங்கேயும், அப்போதும்.

தலைக்குள் கட்டி. அந்த இடத்தில் கட்டி வந்தால் இல்லாத வாடையெல்லாம் வருமாம். "ஏப்ரல்லயே வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாமா?" என்று டெல்ஃபின் கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்போது சின்னதாக இருந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னாள். இப்போது எடுக்க முடியாத அளவுக்குப் பரவிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள்.

முன்னறையில் கட்டில் போட்டார்கள். இடது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. அக்டோபரில் ஒரு மத்தியானம், டெல்ஃபின் சமையலறையில் சூப் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹார்லன், அது என் தலைக்குள்ளதான் இருந்துச்சுன்றாங்க. அப்ப உனக்கு எப்படிடா வந்துச்சு?"

இனி எங்கே ஓடுவது. "வரல நார்பர்ட்," என்றேன். "எனக்கு ஒண்ணும் வரல. பொய் சொன்னேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"டெல்ஃபின்கிட்ட போய்ச் சொல்லு," என்றான். "தன் மூக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டிருக்கா. மூக்கு டாக்டர்கிட்டல்லாம் போயிட்டு வந்தா, பாவம். நாந்தான் போகச் சொன்னேன். 'ஹார்லனுக்கு வருது, உனக்கு ஏன் வரல'ன்னு."

சமையலறைக்கு நடந்தேன். அவள் சூப்புக்குச் செலரித் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தி நின்றது.

"ஏப்ரல்ல அவருக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருந்தேன்," என்றாள், என்னைப் பார்க்காமல். "இல்லாத வாடை வருதுன்னா தலையில ஏதாவது இருக்கும்னு எங்க அக்கா சொன்னா. கெளம்பறப்ப சிரிச்சாரு. 'ஹார்லன் தலையையும் சேர்த்துக் காட்டலாமா'ன்னு. நானே ஃபோன் பண்ணி வேண்டாம்னுட்டேன்."

மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கக்கூட வெட்கமாக இருந்தது.

"உள்ள போய் அவர்கூட உட்காருங்க," என்றாள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் இப்ப அங்க வர முடியாது."

போய் உட்கார்ந்தேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

பரவாயில்லை என்று சொன்னாள் என்ற பதில் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினேன்.

"அழறாடா," என்றேன்.

எழுந்திருக்கப் பார்த்தான். வலது கால் கட்டிலை விட்டு இறங்கியது, இடது கால் இறங்கவில்லை. நான் பிடிக்கப் போனதும் கையை உதறினான். பிறகு அவனே படுத்துக்கொண்டான்.

உள்ளே குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கழுவுகிற பாத்திரச் சத்தம் எதுவும் இல்லை. நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.