பலாக்கிளையும் ஒன்றரை அங்குலமும்

2023 பெப்ரவரி 11, சனிக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். மஹய்யாவையில் எங்கள் வரிசை வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஆறு மணிவரைதான் ஒழுங்காக வரும். இரண்டு பீப்பாய்களையும் நிரப்பினேன். பாலும் சீனியும் போடாத பிளேன்ரீ குடித்தேன். நாட்குறிப்பில் முதல் நாள் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். அளவு நாடா, சுண்ணக்கட்டி, கொப்பி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு ஆறரை பஸ்ஸில் மடவளைக்குப் புறப்பட்டேன்.

மனைவியின் தம்பியும் நானும் கூட்டாக வைத்திருக்கும் லொறி, அங்கே ஒரு கராஜின் முற்றத்தில் பத்து நாட்களாக நின்றது. மூக்கு நீண்ட பழைய லொறி. மச்சான்தான் ஓட்டுகிறான், அவனுக்கு வேறு தொழில் கிடையாது. கலஹாப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் செவ்வாய்க்கிழமை தோறும் தேயிலைக் கொழுந்தை ஏற்றித் தொழிற்சாலையில் கொடுப்போம். எஞ்சின் வெடிப்பு விட்டதால் ஒரு செவ்வாய் போகவில்லை. அன்று வேறொரு லொறி போய் ஏற்றியது. கொழுந்துக்காரர்கள் ஒரு வாரம் பொறுப்பார்கள். இரண்டாவது வாரமும் வந்தவன்தான் அவர்களுக்கு லொறிக்காரன். அதாவது, வரும் செவ்வாய் பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் லொறி அந்த வீதியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மச்சானுக்கு ஓட்ட லொறி இருக்கும், ஓடுவதற்கு வழி இருக்காது.

மாற்று எஞ்சின் கியர் பொக்ஸோடு சேர்ந்தே வந்து முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. பழையதையும் பிரிக்காமல் ஒன்றாகவே தூக்கி எடுத்தால் ஒரு நாள் மிச்சம். ஆனால் எதைக் கொண்டு தூக்குவது என்ற பேச்சிலேயே நான்கு நாள் போய்விட்டது.

கராஜ் வைத்திருக்கும் நானாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. முற்றத்து மூலையில் ஒரு பலா மரம். அதன் தாழ்ந்த கிளையில் சங்கிலி அறுத்த தழும்புகள் வளையம் வளையமாக இருக்கும்.

“தொர, இந்தக் கெளயில பதினாறு எஞ்சின் தூக்கிரிக்கன். மரம் ஒரு நாளும் என்னட்டக் கணக்குக் கேட்டில்ல.”

“பதினேழாவது கியர் பொக்ஸோட அறுநூத்தம்பது கிலோ, நானா. கெளையில போன வருஷம் இல்லாத ஒரு பொந்து இருக்கு. என் மூணு வெரல் உள்ள போகுது.”

“ஒங்கட வெரல ஆரு அங்க விடச் சொன்ன?”

மச்சானுக்கு பெக்கோ வேண்டும். பக்கத்தில் வீதி வேலை நடக்கிறது, மண் தோண்டும் அந்த இயந்திரத்தின் வாளியில் சங்கிலி மாட்டினால் அஞ்சு நிமிட வேலை என்றான். கராஜுக்கு வரும் ஒழுங்கையை அளந்தேன்: ஏழடி இரண்டங்குலம். பெக்கோவையும் போய் அளந்தேன்: ஏழடி எட்டங்குலம். “மதில்ல கொஞ்சம் தட்டுனா வந்துரும் மச்சான்” என்றான். மதில் நானாவினுடையது அல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது. மதிலை விட்டாலும், பெக்கோவின் கை தொட்டால் அரை அடி குதிக்கும். எங்களுக்கு அரை அங்குலமாக ஏற வேண்டும்.

வியாழக்கிழமை நான் இல்லாத நேரம் பார்த்து, இருவரும் திகனையிலிருந்து சில்லு வைத்த மடக்குக் கிரேன் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதன் கழுத்தில் ஒரு தொன் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதையே இருவரும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். கையை முழுதாக நீட்டினால் கால் தொன்தான் என்பது கீழே சின்ன எழுத்தில் இருந்தது. இந்த லொறியின் மூக்கைத் தாண்டி எஞ்சினுக்குப் போகக் கையை முழுதாகத்தான் நீட்ட வேண்டும். சில்லுகளோ சின்னத் தேசிக்காய் அளவு. வெறுங்கிரேனைத் தள்ளும்போதே முற்றத்துச் செம்மண்ணில் பாதி புதைந்தன. அன்று நான் சத்தம் போட்டது உண்மை.

கடைசியில் என் தெரிவுதான் நின்றது. கட்டுகஸ்தோட்டையில் சிமெந்துக் குழாய் வார்க்கும் இடத்திலிருந்து நாலு கால் இரும்புச் சட்டமும், அதன் மேலே குறுக்காகக் கிடக்கும் வளையில் தொங்கும், சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் இரண்டு தொன் செயின் பிளொக்கும். ஞாயிறு மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கிடைத்தது. சட்டம் அசையாது. எஞ்சினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லொறியைப் பின்னால் தள்ளி எடுக்க வேண்டும். வளையின் உயரம், பிளொக்கின் நீளம், கட்டும் சங்கிலி, எஞ்சினின் உயரம், அது தாண்ட வேண்டிய லொறியின் முன் குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் அளந்து கூட்டிக் கழித்தேன். ஒன்றரை அங்குலம் மிஞ்சியது. கட்டும் சங்கிலியை அந்த அளவுக்கே வெட்டுவித்து, கழன்றுவிடக் கூடாதென்று இரு முனைகளையும் வளையங்களோடு உருக்கி ஒட்டவும் வைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாம் தயார். எஞ்சின் தூக்குகிறார்கள் என்றால் மடவளையில் யாருக்கும் சொல்லியனுப்பத் தேவையில்லை. எட்டுப் பேர் வந்து மதிலோரம் நின்றார்கள். எட்டுப் பேரும் எட்டு யோசனை சொன்னார்கள். ஒருவர் பலா மரத்தைக் காட்டி, “சும்மா நிக்கிற மரத்த வெச்சிக்கிட்டு இரும்பு கொண்டந்திரிக்கிறாங்க” என்றார். நானா கேட்காததுபோல் சங்கிலியை இழுத்துக்கொண்டே இருந்தார்.

எஞ்சின் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மெல்ல எழும்பியது. நான் கொப்பியோடு பக்கத்தில் நின்றேன். பிளொக்கின் கொக்கி மேலே போய் முட்டியது. அதற்கு மேல் இழுக்க வழியில்லை. எஞ்சினுக்குக் கீழுள்ள எண்ணெய்ச் சட்டியின் அடி, குறுக்குச் சட்டத்தின் மேல் விளிம்புக்குக் கீழேயே நின்றது. அரை அங்குலம்.

நாடாவை வைத்தேன். மறுபடி வைத்தேன். வளை இறங்கவில்லை, சங்கிலி நீளவில்லை. என் கணக்கில் பிழை இல்லை என்று நான் சொல்லத் தொடங்கியபோது மச்சான் குனிந்து முன்சில்லைப் பார்த்தான்.

“மச்சான், லொறிய எஞ்சினோட அளந்தீங்களா, எஞ்சின் இல்லாம அளந்தீங்களா?”

பாரம் போனதும் முன்பக்கத்து வில்லுப்பட்டைகள் நிமிர்ந்து, லொறியே இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது. எஞ்சின் எழும்ப எழும்ப லொறியும் கூடவே எழும்பியிருக்கிறது. நாலு நாள் நாடாவோடு திரிந்த எனக்கு அது ஒரு முறைகூடத் தோன்றவில்லை. அன்று காலையிலிருந்து பிறர்மேல் இருந்த எரிச்சல் முழுவதும் என் பக்கம் திரும்பியது. அது இன்னும் மோசமாக இருந்தது.

“சங்கிலியக் கொஞ்சம் கட்டயாக்குவம்” என்றார் நானா. பிறகு ஒட்டிய முனைகளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “ஆ, அதுவும் ஏலா.”

“டயர்ல காத்தெறக்குவோம்” என்றான் மச்சான்.

“காத்தில்லாத டயர வச்சிக்கிட்டு எப்பிடிப் பின்னால தள்ளுவ?” என்றேன் நான்.

அவன் நிமிர்ந்தான். மதிலோரம் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

“யோசன சொன்ன ஆளெல்லாம் இங்க வாங்க. பம்பர்ல ஏறுங்க. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. நடுவுல ஒருத்தரும் நிக்கக் கூடாது.”

முதலில் சிரித்தார்கள். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். ஒருவர் ஏறும்போதெல்லாம் லொறி கொஞ்சம் தாழ்ந்தது. ஏழாவது ஆளோடு எண்ணெய்ச் சட்டி குறுக்குச் சட்டத்தைத் தாண்டியது. எட்டாவது, பலா மரத்தைக் காட்டியவர், நல்ல கனம். ஒரு விரல் இடைவெளி கிடைத்தது. தொங்கும் எஞ்சினின் அடியில் யாரும் வரக் கூடாது என்று நான் கத்திக்கொண்டிருக்க, மச்சான் உள்ளே பிரேக்கில் காலை வைத்துக்கொண்டான். நானாவும் நானும் இரு பக்கமும் நின்று தள்ளினோம். பம்பரில் எட்டுப் பேரோடு லொறி பின்னால் நகர்ந்தது. அவர்களுக்கு நடுவே எஞ்சின் அசையாமல் தொங்கியது.

“மெதுவா தள்ளுங்க தொர, இங்க எஞ்சினவிட வெல கூடின சாமான் இரிக்கி” என்றார் பலா மரத்தைக் காட்டியவர்.

பகல் பன்னிரண்டு பத்துக்குப் பழைய எஞ்சின் மரக்கட்டைகளின்மேல் இறங்கியது. நானாவின் மனைவி எல்லோருக்கும் பிளேன்ரீ அனுப்பினார். அதைக் குடித்துக்கொண்டே ஒவ்வொருவரும் லொறியைத் தாழ்த்தியது தம் யோசனை என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. செவ்வாய் இரண்டு மணிக்குக் கலஹா வீதியில் கொழுந்து ஏற்றியது அந்த வாரத்துப் பக்கத்தில் நாலே சொல்லில் இருக்கிறது. சனிக்கிழமைக்கோ மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் இரண்டரை, புதிய எஞ்சினை இறக்கும்போது அதே அரை அங்குலம் மறுபடி வரும் என்பதைப் பற்றியது. எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள் என்று நம்பி நான் எந்த வேலையையும் செய்வதில்லை.

ஞாயிறு காலை ஆறே காலுக்கு, நானா கதவைத் திறக்கும் முன்பே, எஞ்சின் இல்லாத லொறியின் முன் குறுக்குச் சட்டத்தை அளந்தேன்: முப்பதரை அங்குலம். அதைக் கொப்பியில் எழுதிவிட்டு, பலா மரத்தடியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன இரும்பு வாளால், நானே ஒட்டுவித்த அந்தச் சங்கிலியைக் கட்டையாக்க, அதன் முதல் கண்ணியை அறுக்கத் தொடங்கினேன்.