பனியன் துணியில் காய்ந்த இலை

மனைவி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுத் தூத்துக்குடிக்கார அம்மா கொடுத்த ஒரு கொடியின் இலையை அரைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். கொடியின் பெயரை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே போய் எதை அரிக்கிறதோ.

மண்ணரை ஊரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த டீச்சர் கோயமுத்தூர் காலேஜில் கெமிஸ்ட்ரி எடுத்தார். செடிகளிலிருந்து மருந்து தேடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"காய வெச்சுக் கொண்டாங்கண்ணா. சுத்தமா இருக்கணும்."

எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் சுத்தம் எனக்குத் தெரியும். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில், துணியில் கறை இருக்கிறதா என்று பார்த்தே வயிறு வளர்த்தவன். கம்பெனியிலிருந்து வெளுத்த புது பனியன் துணி கொண்டுவந்து, இலையைக் கழுவி ஈரத்தோடு அதில் சுற்றி உலர்த்திக் கொடுத்தேன்.

சாற்றை ஒரு பொட்டாகத் தகட்டில் வைத்து, தகட்டின் அடியைத் திரவத்தில் நிறுத்தினால், திரவம் மேலே ஏற ஏற சாற்றில் உள்ளவை பிரிந்து தனித்தனி உயரத்தில் நிற்குமாம். காலேஜுக்கே கூட்டிப்போய்க் காட்டினார். இருட்டுப் பெட்டிக்குள், ஊதா விளக்கின் கீழே, ஒரு பொட்டு நீலமாக எரிந்தது.

"இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லைங்கண்ணா."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் சொல்லித் தொலைத்தேன்.

"என்ர இலை லைட்டாட்ட எரியுதாமா!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மிச்ச மாத்திரை குப்பைக்குப் போனது.

டீச்சர் பெரிய மெஷினில் அந்தப் பொருளின் எடையைப் பார்த்தார். எந்தச் செடிப் பொருளோடும் ஒத்துவரவில்லை. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர், கடைசியில் கேட்டார்: "எதுல காய வெச்சீங்க?"

மிச்சத் துணியைக் கொடுத்தேன். அதையும் ஊறவைத்து, இலைச்சாற்றுக்குப் பக்கத்தில் பொட்டு வைத்தார். இரண்டும் ஒரே உயரத்தில் ஒரே நீலம். குனிந்து பார்த்தபோது ஊதா விளக்கின் கீழே என் சட்டைக் கையும் அதே நீலம்.

"துணி பளிச்சுன்னு தெரியப் போடுவாங்களே, அந்தக் கெமிக்கல். ஈர இலையில ஒட்டியிருக்குதுங்கண்ணா."

"அப்ப இலையில என்னங்க இருக்குது?"

"பச்சை இலையில இருந்து மறுபடி தொடங்கணும். நூறு பொருள் இருக்கும். ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்க்க வருசமாகும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை அலைந்தும் தெரிந்தது என் துணியைப் பற்றித்தான். வீட்டில் சொன்னால் இவள் அசையவில்லை.

"துணி மின்னுனா இலை பொய்யாயிருமாக்கும்?"

"பொய்யின்னும் தெரியல, மெய்யின்னும் தெரியல புள்ள! மாத்திரையப் போடு!"

என் சத்தம் எனக்கே கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"செரிங்க. தெரியற வரைக்கும் ரெண்டையும் சாப்புடறன். போதுமா?"

புது மாத்திரை வாங்கி வந்தேன். அதை வாயில் போட்டு, இலைச்சாற்றை ஊற்றி விழுங்கினாள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிட்டால்? டீச்சரிடம் கேட்க மறுபடி மாடியேறினேன்.