சரி அண்ணனும் இரண்டு மிஷின்களும்

மேசை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிட வந்தவர் வாயைத் திறக்கும்போதே "சரி, சரி" என்று தலையாட்ட ஆரம்பித்துவிடுகிறார். ரயில் நிலையத்துக் கேண்டீனில் அவருக்குச் சரி அண்ணன் என்றே பெயர். கல்லாவில் இருப்பவர் கூப்பிடுவதும் அப்படித்தான், பெட்டி தூக்குகிறவர்கள் கூப்பிடுவதும் அப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கவரின் மேல் மட்டும் இருக்கிறது.

வாலிபத்தில் தகரப் பட்டறையில் சுத்தியல் அடித்ததில் காது போய்விட்டது. காது கேட்காதவனுக்கு இரண்டே வழி. திரும்பக் கேட்கலாம், அல்லது தலையாட்டலாம். "இன்னொரு தடவ கேட்டா மூஞ்சி சுளிக்கிறாங்க. சரின்னு சொன்னா எல்லாருக்கும் சந்தோஷம்" என்பது அவருடைய கட்சி. இந்தக் கட்சியால் பால் கேட்டவருக்கு டீயும், டீ கேட்டவருக்குப் பில்லும் கொண்டுபோய் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்ச நஞ்சமல்ல. தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை எல்லோரும் தம்மைப் பார்க்கிறார்களே என்று தலையாட்டிவைத்தார். வெளியே வந்த பிறகுதான் தாம் பொருளாளர் ஆகிவிட்டது தெரிந்தது.

பழைய காது மிஷினால் பிரயோஜனம் இல்லை. தட்டு விழுவது, மின்விசிறி, ஒலிபெருக்கி, ரயில், எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து காதில் கொட்டும். அதற்குள் மனிதக் குரலைத் தேடி எடுப்பது அவர் பாடு. முக்கால்வாசி நேரம் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தலையாட்டலை நம்பியே பிழைப்பை ஓட்டினார்.

போன மாதம் மகள் புது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். அதற்குள் ஏ.ஐ. இருக்கிறதாம். லட்சக்கணக்கான குரல்களைக் கேட்டுப் பழகியதாம். எவ்வளவு இரைச்சலிலும் பேச்சு எது, சத்தம் எது என்று பிரித்து, பேச்சை மட்டும் காதுக்கு அனுப்புமாம். கேண்டீனில் முதல் நாள் சரி அண்ணன் கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். வாசல் மேசையில் ஒருவர், "சர்க்கரை கம்மியா" என்று சாதாரணமாகச் சொன்னது அவ்வளவு தூரத்திலிருந்து தெளிவாகக் கேட்டது. ரயில் ஒன்று பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் காணோம். கல்லாக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "செவிட்டு முண்டம்" என்று முனகியதும் கேட்டது. திட்டு வாங்கியதற்காக ஒரு மனுஷன் அப்படிச் சந்தோஷப்பட்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசி மேசை அவர் மனைவியுடையது. சிகிச்சை முடிந்து மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்துவிடுகிறாள். வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். தொண்டையில் வந்த கட்டிக்காகப் போன வருஷம் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது டார்ச் லைட் அளவுக்கு ஒரு மிஷினைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால் பேச்சு வரும். ஏற்ற இறக்கமில்லாத, வண்டு ரீங்கரிக்கிற மாதிரியான பேச்சு. அது வருவதற்கு முன்னால் சில மாதங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். மிஷின் கைக்கு வந்த அன்றே சிலேட்டைத் தூக்கி எறிந்துவிட்டாள். "எழுதினா சண்ட போட முடியலங்க" என்பதுதான் மிஷினை வைத்து அவள் பேசிய முதல் பேச்சு. தெருவே பயப்படுகிற வாய் அது.

கட்டி மறுபடி வந்துவிட்டது. இன்னும் எவ்வளவு காலம் என்று டாக்டர் மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் அப்பாவிடம் சொன்னாள், மெதுவாக, புது மிஷின் காதில் இருக்கும்போதே. அன்றைக்கு மட்டும் அவருக்கு அது கேட்காமலே போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ராத்திரி வீடு போய்ச் சேர்ந்ததும் மனைவி கண் அசந்துவிடுகிறாள், காலையெல்லாம் இருமல். மிஷினைத் தூக்கிப் பிடித்துப் பேசுகிற தெம்பு அவளுக்கு இருப்பது இந்த மத்தியான நேரத்தில்தான். கேண்டீனில் கூட்டம் அலைமோதுகிற நேரமும் அதுதான்.

புது மிஷின் வாங்கியதே அம்மா பேசுவதை அப்பா கேட்கவேண்டும் என்றுதான். கடையின் அமைதியான அறையில் வைத்துச் சோதித்தபோது, "கேக்குதா?" என்று அவள் ரீங்கரித்தது நன்றாகவே கேட்டது. "இனிமே தப்பிக்க முடியாதுப்பா" என்று மகள் சிரித்தாள். கேண்டீனுக்கு வந்தால் கதையே வேறு. கேண்டீனில் உள்ள அத்தனை பேர் பேச்சும் கேட்கிறது, அவளுடையது மட்டும் கேட்கவில்லை. உதடு அசைகிறது, கழுத்தில் மிஷின் இருக்கிறது, அந்த இடத்தில் வெறும் மௌனம். "அவ மிஷினுக்கும் என் மிஷினுக்கும் ஆகாது. மாமியார் மருமக மாதிரி" என்று மற்றவர்களிடம் தமாஷாகச் சொல்லிக்கொண்டார். அவளிடம் சொல்லவில்லை. மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்தது, அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். எப்படிச் சொல்வது? பழைய வித்தைதான் கைகொடுத்தது.

போன வாரம் தட்டோடு அவள் மேசையைக் கடந்தபோது அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். மிஷினைக் கழுத்தில் வைத்து ஏதோ சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "சரி, சரி" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த மேசையில் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு பெண்மணிக்குப் பொறுக்கவில்லை.

"நல்ல மனுஷன்யா நீங்க! எனக்குப் பயமா இருக்குங்கன்னு அந்தம்மா ரெண்டு தடவ சொல்றாங்க. சரி சரின்னு சிரிச்சுக்கிட்டே போறீங்களே!"

ரயில் சத்தத்துக்கு நடுவிலும் அது ஓர் எழுத்துக் குறையாமல் அவர் காதில் விழுந்தது. முன்பின் தெரியாதவள் சொன்னதை அப்படியே கொண்டுவந்து சேர்த்தது அந்த மிஷின்தான். திரும்பிப் பார்த்தார். மனைவி தன் மிஷினைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அதை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினாள். அவளோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவளுடைய கோபத்தை அவர் நூறு விதமாகப் பார்த்திருக்கிறார், பேசாமல் இருந்து பார்த்ததே இல்லை. அது கோபம்கூட இல்லையோ என்ற நினைப்பு வந்தது.

அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மிஷின் கடைக்குப் போனார். அங்கிருந்த பெண் நல்லவள். கம்ப்யூட்டரில் எதையெதையோ மாற்றிப் பார்த்தாள்.

"அம்மா மிஷினோட இரைச்சல இது மோட்டார் சத்தம்னு நினைச்சுக்குதுங்க. அதான் கூட்டத்துல அழிச்சிடுது."

"லட்சக்கணக்கான குரலக் கேட்டுப் பழகினதுன்னு சொன்னீங்களேம்மா. அதுல இவள மாதிரி ஒருத்திகூடவா இல்ல?"

எல்லாச் சத்தத்தையும் உள்ளே விடுகிற மாதிரி வைக்கலாம், ஆனால் அப்போது பழைய மிஷின் மாதிரி ஆகிவிடும் என்றாள். கம்பெனிக்கு எழுதிப் போடுவதாகவும், அடுத்த அப்டேட்டில் சரி பண்ணினாலும் பண்ணுவார்கள் என்றும் சொன்னாள்.

"எப்ப வரும் அது?"

"அடுத்த வருஷம் வரலாம் சார்."

அவர் வாய் தானாகவே "சரி, சரி" என்றது.

நேற்று மத்தியானம் இரண்டு ரயில்கள் ஒன்றாக வந்துவிட்டன. கேண்டீனில் உட்கார இடமில்லை. நாலா பக்கத்திலிருந்தும், "சரி அண்ணே! சரி அண்ணே!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டைக் கல்லா மேசையில் வைத்தார். இரண்டு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றி அதன் பக்கத்திலேயே வைத்தார். "யோவ், எங்க போற?" என்று கல்லாக்காரர் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

கடைசி மேசையில் மனைவியை ஒட்டி உட்கார்ந்தார். கேண்டீன் மேசையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவள் பைக்குள் கையை விட்டு, துணியைப் பிரித்து, மிஷினை எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு இத்தனை கூட்டத்துக்கு நடுவில், வெட்கத்தை விட்டுவிட்டுச் சாய்ந்து, அதிர்வாவது உள்ளே ஏறட்டும் என்று காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பை அவள் தாடையோடு சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அவள் மிஷினைக் கழுத்தில் வைத்து அழுத்தினாள். அவர் மண்டைக்குள் ஏதோ அதிர்ந்தது. அவள் தாடை ஏறி இறங்கி நின்றது. அவருடைய தலை வழக்கம்போல ஆடத் தொடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கேக்கலம்மா, இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

அவள் அவர் தலையை இன்னும் கொஞ்சம் இழுத்துத் தாடையோடு அழுத்திக்கொண்டு, மறுபடி மிஷினை வைத்தாள்.