ஒரு வருடம் தங்க ஓர் இடம்

பங்களா ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை முடியாது என்று சொல்லிவிட்டார். சிங்களத்தில், மரியாதையாகத்தான் சொன்னார். காட்டில் கேமரா வைத்துச் சிறுத்தையை, தோட்டத்து ஆட்கள் புலி என்பதை, படம் பிடித்தால் அது போனுக்குப் போன் போகும், அப்புறம் மேல்மலைக்குக் கொழுந்தெடுக்க ஒருத்தியும் ஏறமாட்டாள். வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்திலும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். மழை தூறியது. குடையைப் பங்களா வாசலிலேயே விட்டுவிட்டது வளைவு தாண்டியபிறகு ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன் நான். ஹோட்டல் சமையலறை, மரக்கறி லொறி என்று சுற்றினேன். காட்டில் ஆய்வு செய்ய வந்தவர்களுக்கு மூட்டை சுமந்தபோதுதான் படிப்பின்மேல் ஆசை வந்தது. உயர்தரப் பரீட்சையையும் ஒரு வெளிவாரிப் பட்டத்தையும் தட்டுத்தடுமாறி முடித்தேன். அடுத்தது இயற்கைப் பாதுகாப்பில் முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ் படிப்பு. பாடங்கள் இணையத்தில், களவேலை நாமே தேடிக்கொள்ளும் இடத்தில். ஒரே இடத்தில் ஒரு முழு வருடம் வேலை செய்யவேண்டும். அந்த இடத்தை மாத முடிவுக்குள் சொல்லாவிட்டால் கிடைத்த அனுமதி போய்விடும்.

நேர்முகத்தின்போது போன் திரையில் இருந்த பேராசிரியை, "களவேலை செய்யும் ஊரில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். சிக்னல் சரியில்லாததுபோல 'ஹலோ, ஹலோ' என்றேன். அம்மா இறந்தபிறகு எந்த ஊரிலும் நான் ஒரு வருடம் நின்றதில்லை.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே பீலியில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. குடங்களோடு பெண்கள் காத்திருந்தார்கள்.

"தம்பி, தண்ணிக் குழா பாக்க வந்த ஆளுங்களா?"

"இல்லக்கா. ஸ்டேசனுக்குப் போறேன்."

"மேல காட்டுக்குள்ள எல அடச்சிருச்சு. பாத்துக்கிட்டு இருந்தவரு கொழும்புக்கு ஓடிட்டாரு, புலிக்குப் பயந்து."

"புலிக்கா? பொண்டாட்டிக்கு!" என்றாள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தவள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

வட்டகொடை ஸ்டேசனில் ரயில் வந்து நின்றது. நான் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. துரையிடம் நான் கேட்ட அதே காட்டிலிருந்துதான் அந்தக் குழாய் இறங்குகிறது. சிறுத்தைதான் வேண்டுமென்று யார் சொன்னது? காடு தண்ணீரை எப்படிப் பிடித்துவைத்து, கொஞ்சங்கொஞ்சமாக வெளியே விடுகிறது என்று ஒரு வருடம் பார்த்தாலும் படிப்புத்தானே. பேராசிரியைக்குச் செய்தி அனுப்பினேன். 'நல்லது, ஆனால் தோட்டத்தின் சம்மதம் வேண்டும்' என்று பதில் வந்தது. ரயில் போனபிறகு பிளாட்பாரத்தில் நானும் ஒரு நாயும்தான்.

காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்றேன். எல்லாருக்கும் வேலை சொல்லிவிட்டு, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்தார்.

"நேத்து பங்களாவுக்குப் புலி படம் புடிக்கப் போன ஆளுதானே நீ?"

"ஆமாங்க. தண்ணி வேலைக்கு நான் போறேங்க. கேமரா வைக்கமாட்டேன். எந்த மாசம் எவ்வளவு தண்ணி வருதுன்னு அளந்து படிப்புக்கு எழுதிக்கிறேன். தொரைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

அங்கேயே போன் எடுத்துப் பேசினார். அதிக நேரம் பேசவில்லை.

"தண்ணி வந்தா சரியாம், எதையும் எழுதிக்கட்டுமாம். ஆனா முன்ன இருந்தவன் மாதிரி பாதியில ஓடிறக் கூடாது. எத்தன நாளு இருப்ப?"

"ஒரு வருஷங்க."

"பாப்போம், பாப்போம்!" என்று கூடையை மாட்டிக்கொண்டே கத்தினாள் நேற்று வாளிமேல் உட்கார்ந்திருந்தவள்.

ஒரு கத்தியும் மழைக்குப் போர்த்த ஒரு சாக்கும் கொடுத்தார்கள். பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டே கொழுந்து மலைக்குப் போனார்கள். குழாய் போகும் வழியே நான் மட்டும் ஏறினேன்.