மச்சானின் வண்டியும் ஒன்பதரை கம்ப்ரஷனும்

சொந்தமாக என்ஜின் வேலை கற்றுக்கொண்டவனுக்குக் கழற்றத் தெரிந்துவிடும், எங்கே நிறுத்துவது என்றுதான் கடைசிவரை தெரியாது. ராத்திரி கடலூரில் ஐஸ் கம்பெனி வேலை. காலையில் தூக்கம் வராமல் வாசலில் பைக்கைப் பிரித்துப் போடுவது. நாற்பத்தெட்டு வயதில் இதுதான் நான். பிரித்ததை மூடத் தெரியாமல் விழித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

எந்தப் பெட்ரோல்?

என் மனைவியின் தம்பி செல்வத்துக்குக் காடாம்புலியூரில் பலாப்பழ வியாபாரம். பழைய பைக்கில் இரண்டு பக்கமும் பழத்தைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போவான். அவனுக்கு இருப்பது அந்த ஒரு வண்டிதான். சீசன் தொடங்க இருந்த நேரத்தில், லோடு ஏத்தினா இழுக்கல மாமா என்று வந்து நின்றான். கம்ப்ரஷனை ஏற்றித் தருகிறேன் என்று வாயை விட்டேன்.

பெட்ரோலும் காற்றும் கலந்ததை பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதுதான் கம்ப்ரஷன். நெருக்கினால் இழுவை கூடும். ரொம்ப நெருக்கினால் பெட்ரோல் தானாகவே வெடித்து பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும். எது ரொம்ப என்பதில்தான் குழப்பம். மெக்கானிக் ஒருவர் ஒன்பதைத் தாண்டாதே என்கிறார், இன்னொருவர் பத்து தாங்கும் என்கிறார், எத்தனால் கலந்ததற்கு வேறு கணக்கு என்கிறார் மூன்றாமவர். பெட்ரோல் எவ்வளவு நெருக்கலைத் தாங்கும் என்பதற்கு ஆக்டேன் என்று ஓர் எண் உண்டு; பெட்ரோல் பங்க்கில் இருந்த அம்மாவிடமே அது எவ்வளவு என்று கேட்டேன். “ஃபுல்லா, பாதியா? எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்ளோதாங்க.”

ஐம்பது மில்லி ஊசி

என்ஜின் தலையைக் கழற்றிக் கவிழ்த்தால் உள்ளே சின்னக் கிண்ணம்போல ஒரு குழி இருக்கும். அதில் எவ்வளவு மண்ணெண்ணெய் பிடிக்கிறது என்று அளந்தால் கம்ப்ரஷன் தெரிந்துவிடும். அளக்க ஊசி வேண்டுமே. ராத்திரி வேலை முடிந்த கையோடு மருந்துக் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ஊசியாகக் கேட்டேன். யாருக்கு என்றார் கடைக்காரம்மா. பைக்குக்கு என்றேன். என் சிவந்த கண்ணைப் பார்த்தார். “எதுக்கும் ஒரு தடவ டாக்டரப் பாத்துடுங்க சார்.”

ஒரு மில்லிமீட்டர்

மூன்று தடவை அளந்தேன், மூன்று விடை வந்தது. நடுவிலிருந்ததை வைத்துக் கணக்குப் போட்டால் எட்டரை. வண்டிக் கம்பெனிப் புத்தகத்தில் ஒன்பதரை என்று இருக்கிறது. பழைய வண்டி, குறைந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, கிண்ணம் சிறுத்து ஒன்பதரை வரும்படி தலையில் ஒரு மில்லிமீட்டர் சீவச் சொல்லிச் சிதம்பரத்தில் தெரிந்த லேத்காரரிடம் கொடுத்தேன். அதைக் கையில் வாங்கியவர் மெஷினைப் போடாமல் என் முகத்தைப் பார்த்தார். “சீவிட்டு அப்புறம் ஒட்டுன்னு வரக்கூடாது, ஆமா.”

கோலிகுண்டு

விடிகாலைக் குளிர்ச்சியில் நான் மட்டும் ஏறி ஓட்டிப் பார்த்தேன். பறந்தது. அன்று மதியமே செல்வம் எட்டுப் பழத்தோடு குறிஞ்சிப்பாடியிலிருந்து போன் பண்ணினான், என்ஜினுக்குள் கடகடவென்று சத்தம் என்று. பெட்ரோல் சரியில்லை, வேறு பங்க்கில் போடு என்றேன். போட்டான், சத்தம் போகவில்லை. விலை கூடின பெட்ரோலைப் போடச் சொன்னேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணக்கு சரி, பெட்ரோல் சரி, பிறகென்ன? இன்னும் நாலு லோடு இப்படியே போனால் பிஸ்டன் போய்விடும், அதோடு அவன் சீசனும் போய்விடும் என்பது மட்டும் விளங்கியது. “மாமா, உள்ள யாரோ கோலிகுண்டு வெச்சு உருட்டறாங்க. பெட்ரோல மாத்தினா கோலி மாறுது, ஆள் மாறல.”

மேடு

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். திரும்பவும் பிரித்தேன். பிஸ்டனில் ஓட்டை இல்லை, ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல மேலெல்லாம் பொரிந்திருந்தது. அப்போதுதான் பார்த்தேன், அந்த பிஸ்டனின் தலை தட்டையாக இல்லை, வடை மாதிரி மேடாக இருந்தது. மேலே வரும்போது அந்த மேடு கிண்ணத்துக்குள் போய் உட்காரும். நான் கிண்ணத்தை அளந்தேனே தவிர, மேடு அடைக்கிற இடத்தைக் கழிக்கவில்லை. ஆக, புத்தகம் சொன்ன ஒன்பதரை சரிதான். அதைத்தான் சீவிப் பதினொன்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். செல்வம் குனிந்து ஒரு விரலால் அந்த மேட்டைத் தடவினான். “மூணு நாளு கணக்கு போட்டியே மாமா, ஒரு தடவ தொட்டுப் பாத்திருக்கக் கூடாதா?”

பின் சீட்

லேத்காரர் சிரிக்காமல், சீவின அளவுக்கே கனமாக ஒரு செம்புத் தகடு வெட்டிக் கொடுத்தார். தலை பிஸ்டனை விட்டு அந்த அளவு விலகி நிற்க, சிலிண்டருக்கு அடியில் அதை வைத்து மூடினேன். கணக்குப்படி மறுபடி ஒன்பதரை. என் கணக்கை நானே நம்பவில்லை. இந்தத் தடவையும் விடிகாலையில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றதற்குச் செல்வம் விடவில்லை. உச்சி வெயிலில் எட்டுப் பழத்தையும் கட்டினான். பிறகு சீட்டைத் தட்டிக் காட்டினான். “உக்காரு மாமா. சத்தம் வந்தா ரெண்டு பேரும் ஆளுக்கு நாலு பழம் தூக்கிட்டு நடக்கணும்.”

முள் இடுப்பில் குத்தக் குத்தச் சிதம்பரம்வரை காதைத் தீட்டிக்கொண்டு போனதில் ஒரு சத்தமும் வரவில்லை. அது கணக்கு சரியாக இருந்ததாலா, கணக்குப் போட்டவனையே பின்னால் ஏற்றியதாலா என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.