சித்தியைப் பெண் பார்க்க நான் பிடித்த டார்ச்

பெண் பார்க்க வருகிறவர்கள் வந்து சேர ஒரு மணி நேரம் இருக்கும்போது, வெளிச்சத்துக்குப் பொறுப்பாளராக என்னை நியமித்தார்கள். என் தகுதிகள்: ஐந்தாம் வகுப்பு, அறிவியலில் தொடர் தோல்வி, வீட்டில் அப்போது சும்மா இருந்த ஒரே ஆள்.

புயலில் ரெட்டியார்பாளையம் முழுக்க மரம் சாய்ந்து நான்கு நாளாகக் கரண்ட் இல்லை. எமர்ஜென்சி லைட் இரண்டாம் நாளே உயிரை விட்டது. எங்கள் ஹாலில் பட்டப்பகலிலேயே ஊசியில் நூல் கோர்க்க முடியாது. ஆனால் நல்ல நேரம் சாயங்காலம் ஐந்தரை என்று குறித்தாகிவிட்டது. அது கரண்டுக்காகவெல்லாம் காத்திருக்காதாம்.

பெண், என் சித்தி. அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை வீட்டில் வேலையை விடச் சொல்வார்கள் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. சித்தி டியூட்டிக்குக் கிளம்பிப் போனாள். நான்தான் கொதித்தேன். டியூட்டி முடிந்து வரும்போது எனக்கு பப்ஸ் வாங்கி வருபவள் அவள். என் கொள்கைப் பிடிப்பு அந்த பப்ஸில் இருந்தது.

அப்பாவின் டார்ச்சோ கடற்கரையில் அடித்தால் கப்பல்காரன் கண் கூசும் ரகம். ஒரே இடத்தில் குத்தும், சுற்றிலும் இருட்டு. "ரூம் முழுக்கப் பரவணும்டா" என்றாள் அம்மா. ஆராய்ச்சியில் இறங்கினேன். உத்தரத்தைப் பார்த்து அடித்தால் வெளிச்சம் நன்றாகத்தான் பரவியது, மழை ஒழுகிய கறையும் ஒட்டடையும் சேர்ந்து தெரிந்தன. கைக்குட்டையைக் கட்டினால் எல்லோரும் காய்ச்சல்காரர்கள் மாதிரி இருந்தார்கள். பால் கவரை மாட்டினேன்; அதன் நீல எழுத்துகள் சித்தியின் கன்னத்தில் கோணல்மாணலாக ஓடின.

"மூஞ்சில எக்ஸ்பைரி டேட்டும் தெரியுதா பாரு" என்றாள் சித்தி.

கடைசியில் வென்றது காலித் தயிர் கப். டார்ச் தலையில் கவிழ்த்ததும் ஹால் முழுக்க நிலா வெளிச்சம். அம்மா பூரித்துப் போனாள். சித்தி அழகாகத் தெரிந்தாள். என் வெளிச்சமே சம்பந்தத்தை முடித்துவிடும் போலிருந்தது.

வந்தார்கள். கேசரி, பஜ்ஜி நடந்தது. சித்தி வந்து குனிந்து நின்றாள். "பையா, கொஞ்சம் பொண்ணு பக்கம் காட்டு" என்ற மாப்பிள்ளையின் அம்மா, நான் காட்டியதும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்துக்கப்பறம் வேலைக்கெல்லாம் போக வேணாம். எங்க வூட்ல இன்னா கொறச்சல்?"

தயிர் கப்பைப் பிடுங்கி எறிந்து, டார்ச்சை மாப்பிள்ளை முகத்துக்கு நேராகத் திருப்பினேன். பாதி பஜ்ஜியோடு அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"டேய், திருப்புடா லைட்ட!" அப்பா எழுந்தார்.

"மாட்டேன்! சித்திய மட்டுந்தான் பாக்கணுமா? இவரயும் பாக்கட்டும்!"

மாப்பிள்ளையின் மீசையைத் தவிர ஹாலில் எதுவும் தெரியவில்லை. அந்த இருட்டிலிருந்து சித்தியின் குரல் வந்தது, ஊசி போடுவதற்கு முன் பேசுவாளே, அதே நிதானத்தில்: "வேலைய வுட மாட்டேங்க. அதுக்கு ஒத்துக்கிட்டா மேல பேசலாம்."

ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அம்மா செருப்பைத் தேடக்கூட நான்தான் வெளிச்சம் காட்டினேன். அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா என் முதுகில் நாலு வைத்தார். "எல்லாம் இந்தத் தறுதலையால வந்தது!" அம்மாவும் அதையே சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை நான். மறுநாள் சித்தி வழக்கம்போல் டியூட்டிக்குக் கிளம்பினாள். நானோ ஒரு சம்பந்தத்தையே தனியாளாக விரட்டியவன் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

இன்றும் வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் "இவன் டார்ச்சால போச்சு" என்றுதான் சொல்கிறார்கள். சித்தி மாட்டேன் என்று சொன்னதை யாரும் சொல்வதில்லை. அவளும் திருத்துவதில்லை, சிரித்துக்கொண்டே என் தட்டில் இன்னொரு தோசையைப் போடுவாள். பெருமை முழுவதையும் எனக்கே விட்டுக்கொடுக்கிறாள் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன்; விட்டது பெருமையை அல்ல, பழியை என்று இப்போதுதான் உறைக்கிறது.